மூன்றாவது குழாயின் சிவப்பு மூடி

போன மாதம் ஒரு காலையில் நித்யா போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிற பெண். ஏரி, குளங்களின் அடியில் படிந்திருக்கும் சேற்றைக் குழாயில் உருவி எடுத்து, முன்னொரு காலத்தில் மழை எப்படிப் பெய்தது, எந்த மரங்கள் நின்றன, காடு எப்போது எரிந்தது என்றெல்லாம் கண்டுபிடிக்கிற இடம் அது. என் வேலை கண்டுபிடிப்பதல்ல. உருவி எடுப்பது.

புதிதாகச் சேரும் கள உதவியாளர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம். “சார், ‘தேவசகாயம் பாத்தாச்சா’ன்னு கேப்போம்ல, அது எப்படி வந்துச்சுன்னு நாலு பக்கம் எழுதித் தர்றீங்களா? அவர் கூடவே வேலை பாத்தவர் நீங்கதானே” என்றாள்.

வெளி ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் எந்தச் சேற்றுக் குழாயை வெட்டுவதற்கு முன்பும், அது தலைகீழாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனையின் பெயர்தான் தேவசகாயம். அந்தக் காலத்தில் தேவசகாயம் என்று ஒருவர் இருந்தார், ஒரு குழாயின் தலையையும் காலையும் மாற்றி மூடி ஓர் ஆராய்ச்சியையே கவிழ்க்கப் பார்த்தார், அதனால் இந்தப் பெயர் என்று இளையவர்கள் நம்புகிறார்கள்.

அந்தக் குழாயை மாற்றி மூடியவன் நான்.

பெருந்தன்மையில் இதைச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். எனக்கும் தேவசகாயத்துக்கும் நடுவில் கிடந்த எல்லா நல்ல பொருளும் அவன் பக்கமே உருண்டு போயின. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். ஆனால் நான் கைப்பட, சொந்தமாகச் செய்த ஒரே தப்புக்கும் அவன் பெயரை வைத்திருப்பதுதான் தாங்கவில்லை. அதைத் திரும்பக் கேட்கவே இந்தக் கட்டுரை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் போடிப் பக்கம் சிலமலை என்கிற ஊர். அவன் போடி கடைத்தெருவில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த குடும்பம். அன்றைக்கு அவன் தங்கள் கடை லோடு வண்டியில் மதுரைக்கு வந்து இறங்கினான். நான் வந்த பஸ்சு பாதி வழியில் நின்றுபோய், எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அவன் கையெழுத்துப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து நான் போட்டேன். அந்தப் பத்து நிமிடம் ஓய்வு பெறும் வரை எங்கள் நடுவில் நின்றது. பதவி உயர்வென்றால் முதலில் அவன். கூட்டத்தில் நாற்காலி என்றால் முதலில் அவன். பஸ்சைத் தள்ளியவர்களுக்கு அரசாங்க விதிகளில் இடமில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருடம் குழாய் கழுவினோம்.

எங்கள் தலைவி கமலா மேடம். இப்போது இல்லை. பேச்சில் சிக்கனமானவர். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு ‘ம்’. அந்த ‘ம்’மில் மூன்று வகை உண்டு. மூக்கிலிருந்து குட்டையாக வந்தால் காதில் விழுந்தது என்று பொருள். கொஞ்சம் இழுத்தால் நீ சொல்வது தப்பு. இழுத்து, கடைசியில் தலையும் அசைந்தால் சபாஷ். மூன்றாவது ‘ம்’ என் திசையில் வந்ததாக நினைவில்லை. தேவசகாயத்துக்கு மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும்.

காரணம் அவன் பல்.

சேற்றில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று தெரிய வேண்டும். மணல் கண்ணுக்கே தெரியும். வண்டலும் களியும் கண்ணுக்கும் விரலுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கு மேடம் சொல்லிக்கொடுத்த வழி, கடுகளவு சேற்றை முன்பல்லில் வைத்து மெதுவாக அரைப்பது. நறநறவென்றால் வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. பிறகு துப்பிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். உலகம் பூராவும் மண் ஆராய்கிறவர்கள் செய்கிற காரியம்தான்.

தேவசகாயம் அரைக் கணத்தில் சொல்லிவிடுவான். “மேடம், முக்கால்வாசி களி, மேல லேசா வண்டல் தூவுனாப்புல இருக்கு” என்பான். பின்னால் ஆய்வுக்கூட முடிவு வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். சின்ன வயதிலிருந்து மண்டியில் உட்கார்ந்து, ஏழு மில்லி பருமன் காய் எது, எட்டு மில்லி காய் எது என்று சல்லடை இல்லாமல் விரலாலேயே பிரித்தவன். உடம்பு முழுக்க அளவுகோலாக வளர்ந்திருந்தான்.

நான் விடவில்லை. வீட்டில் பயிற்சி எடுத்தேன். மைதா மாவு, ரவை, கொல்லைப்புறத்து மண் மூன்றையும் மூன்று கிண்ணத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கடித்தேன். என் மனைவி ராசிங்காபுரத்துக்காரி. ஒரு வாரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, “புள்ளைக மண்ணு தின்னா டாக்டர்ட்ட காட்டலாம். ஒங்கள நான் எங்க கொண்டுபோயிக் காட்ட?” என்று கேட்டாள். மறுவாரம் களத்தில் மேடம் முன்னால் நானே வலியப் போய் ஒரு துண்டைக் கடித்து, மணல் என்றேன். அது நத்தை ஓடு. இழுத்த ‘ம்’ வந்தது. தலை அசையவில்லை.

இப்போது அந்தக் குழாய்க்கு வருகிறேன்.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத் தோட்டம் ஒன்றின் நடுவில் பாதி சதுப்பாக ஒரு பழைய குளம் இருந்தது. மழை மட்டுமே நிரப்புகிற, யாரும் தூர் வாராத குளம். அப்படிப்பட்ட குளம் எங்களுக்குப் புதையல். வீட்டுப் பரணில் சாமான் சேர்வது மாதிரிதான் குளத்து அடியில் சேறு சேர்கிறது. பழசு அடியில், புதுசு மேலே. யாரும் இறக்கி ஒழுங்குபடுத்தாத பரணாக இருந்தால் அடுக்கு கலையாமல் கிடக்கும். காட்டு மரங்களின் மகரந்தம், தீயெரிந்த கரி, பெருமழை அடித்து வந்த மணல், கடைசியில் காட்டைத் திருத்தி ஏலச்செடி வைத்த காலத்து மண் என்று எல்லாம் அதனதன் வரிசையில் இருக்கும்.

வரிசைதான் எங்கள் தொழிலின் உயிர். அதனால் மேடம் ஒரு முறை வைத்திருந்தார். லாரி டியூப் இரண்டைக் கட்டி மேலே பலகை போட்ட மிதவையில் தேவசகாயம் போய், ஒரே துளையில் ஒரு மீட்டர் ஒரு மீட்டராக ஆழம் கூட்டிக் குழாயை இறக்கி உருவுவான். இரண்டு முனையிலும் துணி அடைத்துக் கரைக்குக் கொண்டுவருவான். நீட்டும்போது தலைப்பக்கம் என் கைக்கு வரும்படிதான் நீட்டுவான். நான் அதைச் சாக்கின் மேல் தலை மலையைப் பார்க்க, கால் தண்ணீரைப் பார்க்கக் கிடத்தி, துணியை எடுத்துவிட்டு மூடி போட வேண்டும். தலைக்குச் சிவப்பு, காலுக்குக் கறுப்பு. அதன் மேல் ஒட்டுநாடா மூன்று சுற்று. சுற்றி முடித்து நுனியைச் சின்னக் காது மாதிரி மடித்து விடுவேன், பின்னால் உரிக்க வசதியாக இருக்கும். அந்தக் காது என் சொந்தச் சேர்க்கை. குழாயின் மேல் பேனாவால் அம்பும் போட வேண்டும். ஆனால் நனைந்த குழாயில் பேனா எழுதாது. அதனால் மழை நாளில் மூடிதான் ஒரே சாட்சி.

பங்குனி மாதம், மழை இருக்காது என்று போனோம். வளைவுக்கு வளைவு நான் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அந்த மலையடியில் பிறந்தவன் நான். தேவசகாயம் பின்சீட்டில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டு வந்தான்.

இரண்டு குழாய் கரையேறியதும் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வாட்ச்மேன் மலையாளம் கலந்த தமிழில், மழ கூடினால் ஜீப்பு இறங்காது, அட்டையும் ஏறும், வேகம் ஆகட்டும் சாரே என்று நின்ற இடத்திலிருந்து அவசரப்படுத்தினார். மூன்றாவது குழாய் வந்தது. நான் வாங்கிக் கிடத்தினேன். தலை மலைக்கு, கால் தண்ணீருக்கு. அப்போது குடைக்குக் கீழே நோட்டோடு நின்ற மேடம், “தேவசகாயம், காலடி என்னன்னு பாருங்க” என்றார்.

அவன் மலைப்பக்கம் என் அருகில் நின்றுகொண்டிருந்தான். குழாயின் கால் தண்ணீர்ப் பக்கம். அவன் சுற்றிப் போய்ச் சகதியில் குனியாமல் இருக்கட்டுமே என்று நான் குழாயைத் திருப்பிக் கால்முனையை அவன் பக்கம் வைத்துக் கொடுத்தேன். பல்லுக்குப் பல்லக்குத் தூக்கினேன்.

அவன் ஒரு துளி எடுத்துக் கடித்தான். மலை, மழை, வாட்ச்மேன் எல்லோரும் காத்திருந்தார்கள். “மேடம், சுத்தக் களி. ஒரு பொடி கூட நறநறங்கல. தண்ணி ரொம்ப நாளு அசையாம, ஆழமா நின்ன காலம்” என்றான்.

மேடம் அதை அவன் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு ‘ம்’ என்றார். இழுத்து, தலையை அசைத்து. போதாததற்குச் சிரித்தார்.

நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மூடி போட்டேன். மலைப்பக்கம் சிவப்பு. தண்ணீர்ப் பக்கம் கறுப்பு. மூன்று சுற்று நாடா. ஒரு காது. திருப்பிய குழாயைத் திருப்பி வைக்கவில்லை. கையை வேலைக்கு விட்டுவிட்டுக் கண்ணை வயிற்றெரிச்சலுக்கு அனுப்பினால் இப்படித்தான்.

சில மாதங்கள் கழித்து, வெளிநாட்டுக்கு அனுப்பிய துண்டுகளின் வயது வந்தது. மேலிருந்து கீழே போகப் போக வயது கூட வேண்டும். முதல் குழாயில் கூடியது. இரண்டாவதில் கூடியது. மூன்றாவதில் குறைந்துகொண்டே போனது. நான்காவதில் மறுபடி கூடியது. மேடம் இரண்டு நாள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, மலைச்சரிவு ஒன்றை வரைய ஆரம்பித்தார். ஏதோ ஒரு காலத்தில் பெரும் நிலச்சரிவு நடந்திருக்கிறது, கரையிலிருந்த பழைய மண் இடிந்து வந்து புதிய சேற்றின் மேல் கிடக்கிறது. இதுதான் அவர் கணிப்பு. கட்டுரையாக எழுதி அனுப்பவும் தயாரானார்.

எனக்கு வயதுப் பட்டியலைப் பார்த்த நிமிடமே குளத்தங்கரை ஞாபகம் வந்துவிட்டது. குழாயைத் திருப்பியது என் உள்ளங்கையிலேயே இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கதவு வரை போனேன். உள்ளே மேடம் தேவசகாயத்திடம் சரிவின் படத்தைக் காட்டி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவனிடம். திரும்பி வந்துவிட்டேன். ஒரு மூடியை மாற்றிப் போட்டு ஏலமலையின் ஒரு பக்கத்தையே சரித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சரிந்த மலையைத் தூக்கி நிறுத்துவதைவிட அது அப்படியே கிடப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

தேவசகாயத்துக்கு அந்தச் சரிவு ஒப்பவில்லை. வெட்டிப் பத்திரப்படுத்தியிருந்த மூன்றாவது குழாயின் பாதியை எடுத்துவைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை முழுக்கக் கடித்திருக்கிறான். பெருமழை வெள்ளம் குளத்தில் விழுந்தால் கனமான மணல் முதலில் அடியில் படியும், அதன் மேல் வண்டல், கடைசியில் களி. ஒவ்வொரு வெள்ளமும் இந்த ஒழுங்கில் ஒரு மெல்லிய அடுக்கு. ஏலக்காய்த் தோல் கனம்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. பல்லுக்குத் தெரியும். மூன்றாவது குழாயில் எல்லா அடுக்கிலும் களி கீழே, மணல் மேலே. சரிந்து விழுந்த மண் கலங்கிக் கிடக்கும். இப்படி ஒழுங்காகத் தலைகீழாய்க் கிடக்காது.

டீக்கடையில் என்னைப் பிடித்தான்.

“மாப்ளே, மூணாவது கொழாய் தலகீழாக் கெடக்கு.”

“யாரு சொன்னா?”

“பல்லு சொல்லுச்சு.”

நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். ஆறிப்போன டீ. அவன் யார் மூடியது என்று கேட்கவில்லை. மூடியது யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். “சரி, வா. வெரசாப் போயி மேடத்துட்ட சொல்லிருவோம். அவுக எழுதி அனுப்பிட்டா அசிங்கமாப் போயிரும்” என்று எழுந்தான்.

மேடத்தின் அறையில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். மணல், வண்டல், களி. கடைசியில், நான் வாயைத் திறப்பதற்குள், “கரையில கொழாயத் திருப்புனது என்னாலதான் மேடம். நாந்தான் கவனிச்சிருக்கணும்” என்றான்.

மேடம் அவனைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சுவரிலிருந்த மலைச்சரிவைப் பார்த்தேன். “ம்” என்றார். அது மூன்று வகையில் எந்த வகை என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய் மலைச்சரிவுத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தார். இனிமேல் எந்தக் குழாயையும் தேவசகாயம் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மேடமும் போய், நாங்களும் ஓய்வு பெற்று, குழாயை வெட்டாமலே உள்ளே படம் பிடிக்கிற இயந்திரமும் வந்துவிட்டது. சேற்றை வாயில் வைக்கக் கூடாது என்று இப்போது விதி. பல் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவனிடம் கோபப்பட்டேன். “நீ திருப்புனது எனக்காகத்தானடா” என்றான். ஒரு மனிதனைச் சாவகாசமாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்றால் எப்படி. பல்லில் ஜெயித்தான், பத்து நிமிடத்தில் ஜெயித்தான், இப்போது குணத்திலும் வந்து நிற்கிறான். அன்றைக்கே மேடத்திடம் திரும்பிப் போயிருக்க வேண்டும். நாளைக்கு என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

கட்டுரை எழுத உட்காரும் முன் அவனைப் போய்ப் பார்த்தேன். ஓய்வுக்குப் பின் போடியில் குடும்ப மண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறான். இப்போது கட்டுப் பல். அதைக் கண்ட நிமிடம் எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பதற்கில்லை. பல்லைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு, காயை விரலால் பிரித்துக்கொண்டிருந்தான். விரல் இன்னும் போகவில்லை.

உண்மையை எழுதப் போகிறேன், அந்தத் தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவன் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டான். முக்கியமான பேச்சு வருகிறது என்று அர்த்தம்.

“எழுதிக்க மாப்ளே. அதுக்கு யாரு ஒன்னைய வேணாங்கிறா. ஆனா பேர மட்டும் மாத்தச் சொல்லிராத.”

“தப்புச் செஞ்சவன்னு ஒன் பேரச் சொல்றாய்ங்கடா.”

“சொல்லட்டும். தெனமும் சொல்றாய்ங்கள்ல.” தலைக்கு மேலே பார்த்தான். “இந்தக் கடைப் போர்டுல எங்கப்பா பேரு. பில்லுல எந்தம்பி பேரு. அந்த ஒரு எடத்துலதான் எம் பேரு இருக்கு. அதையும் பிடுங்கிட்டுப் போகாத.”

அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கக்கூடும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சிலமலையில் என் வீட்டு வாசலில் என் பெயர் பலகை இருக்கிறது. பஸ்சில் திரும்பி வரும்போது அதற்காக அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பானோ என்று யோசித்தேன். பட்டிருக்க மாட்டான். அவனுக்கு அந்தத் திறமை கிடையாது.

இதுவரை எழுதி நித்யாவுக்கு அனுப்பினேன். ஆராய்ச்சிக்காரி அல்லவா, வாக்குமூலத்தையும் சரிபார்த்திருக்கிறாள். மேடத்தின் பழைய கள நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. அந்தக் குளத்தின் நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போனில் அனுப்பினாள். மேடத்தின் கையெழுத்து. மலைச்சரிவைக் கிழித்த நாளன்று எழுதியது.

குழாய் மூன்று தலைகீழ்.
மூடியது முருகபாண்டி. நாடாவில் காது.
கண்டது தேவசகாயம். இனி இந்தச் சோதனைக்கு அவர் பெயர்.

அதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி.

முருகபாண்டி வந்து சொல்வார்.

மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை ஒன்பது வருடம் தினமும் அவருக்கு வணக்கம் வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் நிமிர்ந்து பார்த்து, ஒரு கணம் கூடுதலாகவே பார்த்து, ‘ம்’ என்றார். காதில் விழுந்தது என்கிற ‘ம்’ என்று எடுத்துக்கொண்டேன். நான்காவது வகை ஒன்று இருந்திருக்கிறது. சொல்லுங்கள் என்கிற ‘ம்’.

தப்புக்காக வைத்த பெயரல்ல, கண்டுபிடித்ததற்காக வைத்த பெயர். ஆகவே நான் திரும்பக் கேட்க வந்த பொருள் அங்கே இல்லை. நித்யா கையேட்டில் பழைய கதையை எடுத்துவிட்டு நோட்டில் உள்ளபடியே போடுவதாகச் சொல்கிறாள். பெயர் தேவசகாயத்துக்கே இருக்கட்டும். பென்சில் வரியையும் சேர்த்துப் போடு என்று சொல்லிவிட்டேன். தாமதமாக வந்தாலும், வந்து சொல்லிவிட்டேன் என்பதற்கு அந்த வரியின் கீழே இந்தக் கட்டுரை இருக்கும்.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டாவது வரியில் நான், மூன்றாவது வரியில் அவன். எங்கள் உத்தியோகத்தில் முதல் தடவையாக, கடைசித் தடவையாகவும், என் பெயர் அவன் பெயருக்கு மேலே இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும்போது பக்கத்தைத் தலைகீழாக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.